பச்சிளங்குழந்தை வார்டுக்கு எந்த ஏபிஜி மெஷின்?

ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தையின் உடம்பில் ஓடும் ரத்தம் மொத்தமே 80 முதல் 90 மில்லி. வென்டிலேட்டரில் இருக்கும் அந்தக் குழந்தைக்கு ஒரு நாளில் எட்டு முறை ஏபிஜி (ரத்த வாயுப் பரிசோதனை) பார்க்க நேர்ந்து, ஒவ்வொரு முறையும் சிரிஞ்சில் அரை மில்லி எடுத்தால், 4 மில்லி போய்விடும். வயதுவந்த ஒருவரிடம் தினமும் கால் லிட்டர் எடுப்பதற்குச் சமம் இது. அதனால்தான் மெஷின் எத்தனை பரிசோதனை செய்யும் என்ற பட்டியலை நான் அப்புறம்தான் படிப்பேன். எத்தனை மைக்ரோலிட்டர் ரத்தம் கேட்கிறது என்பதே முதல் கேள்வி.

தரமணியில் நாங்கள் நடத்தும் என்.ஐ.சி.யு. (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) சின்னது, ஆறு வார்மர்கள். ரத்தத்தைக் கீழ்த்தளத்து லேபுக்கு அனுப்பிக் காத்திருந்தால், அதற்குள் சிரிஞ்சிலிருக்கும் அணுக்களே ஆக்சிஜனையும் சர்க்கரையையும் தின்றுவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. நுரையீரலை விரியச் செய்யும் சர்ஃபாக்டன்ட் மருந்தைக் கொடுத்ததும் நுரையீரல் சட்டென்று இளகும். வென்டிலேட்டர் அழுத்தத்தை உடனே குறைக்காவிட்டால் கார்பன் டை ஆக்ஸைடு மளமளவென்று இறங்கி, மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் சுருங்கும். ஆகவே மெஷின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மூன்று மெஷின்களை இயக்கிப் பார்த்தோம்.

அபாட்டின் ஐ-ஸ்டாட் கையடக்கமானது. 95 மைக்ரோலிட்டர் போதும். கார்ட்ரிட்ஜில் ரத்தத்தை நிரப்பி, மூடியை அழுத்தி, மெஷினில் செருகினால் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ரிசல்ட். குறியைத் தாண்டி நிரப்பினாலும் குறைத்து நிரப்பினாலும் அந்தக் கார்ட்ரிட்ஜ் வீண். குழந்தைக்கு இன்னொரு குத்து. கார்ட்ரிட்ஜை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெளியே எடுத்து ஐந்து நிமிடம் கழித்தே பயன்படுத்தலாம், எடுத்ததைத் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது. மெஷின் 16 முதல் 30 டிகிரிக்குள்தான் இயங்கும். சென்னையின் மே மாதத்தில், அதுவும் வார்மரை ஒட்டி வைத்தால், இந்த எல்லை எளிதில் தாண்டும். அதற்கென்று தனி ஷெல்ஃப் ஒதுக்குங்கள்.

சீமென்ஸின் எபோக் அளவில் ஏறத்தாழ அதேதான்: 92 மைக்ரோலிட்டர். ஆனால் வேலை செய்யும் வரிசை வேறு. முதலில் கார்டைச் செருக வேண்டும். அது தன்னைத்தானே சரிபார்த்துக்கொண்ட பிறகே ரத்தம் விட வேண்டும். விட்டதும் அரை நிமிடத்தில் ரிசல்ட். கார்டுக்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை. மெஷின் தயாரான பிறகு குதிகாலைக் குத்துவது என்ற இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது. குத்திவிட்டு மெஷினுக்காகக் காத்திருந்தால் ரத்தம் உறைந்துவிடும்.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று. ஹீமட்டோகிரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) இவை மின்கடத்தலை வைத்துக் கணக்கிடுகின்றன. குறைமாதக் குழந்தைகளுக்கு ரத்தப் புரதம் குறைவு. அப்போது அளவு உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அதை மட்டும் நம்பி ரத்தம் ஏற்ற முடிவெடுக்காதீர்கள்.

ரேடியோமீட்டரின் ஏபிஎல்90 ஃபிளெக்ஸ் மேஜைமேல் வைக்கும் மெஷின். 65 மைக்ரோலிட்டர், 35 விநாடி. கேபிலரி குழாயை மெஷினின் வாயில் பிடித்தால் அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. நிரப்பும் தலைவலி இல்லை. ஹீமோகுளோபினை நேரடியாக அளக்கிறது. மெத்ஹீமோகுளோபினும் தருகிறது, நைட்ரிக் ஆக்ஸைடு கொடுக்கும் யூனிட்டுக்கு அது கட்டாயம். பிலிருபினும் அதே சொட்டில் கிடைப்பதால், மஞ்சள் காமாலைக்கென்று தனியாகக் குத்த வேண்டியதில்லை. ஆனால் ரத்தக் கட்டி ஒன்று உள்ளே போனால் எல்லாக் குழந்தைகளுக்கும் மெஷின் நின்றுபோகும். கையடக்க மெஷினிலோ அது ஒரு கார்ட்ரிட்ஜோடு போகும்.

செலவுக்கு வருவோம். ரீஏஜென்ட் வாங்கினால் மெஷின் இலவசம் என்பார்கள். மயங்க வேண்டாம். மேஜை மெஷினின் சென்சார் கேசட் பொருத்திய நாளிலிருந்து முப்பது நாள்தான். பத்து டெஸ்ட் போட்டாலும் முந்நூறு போட்டாலும் அவ்வளவே. கார்ட்ரிட்ஜ் மெஷினில் போட்டதற்கு மட்டும் பணம், வீணானதையும் சேர்த்து. வருமானத்துக்கேற்ற சந்தாவில் ஏழைக் குடும்பத்துக்கும் வைத்தியம் என்று 1958-இல் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி தொடங்கிய வி.எச்.எஸ். (வாலன்டரி ஹெல்த் சர்வீசஸ்) இதே தரமணியில்தான் இருக்கிறது. வீணான ஒவ்வொரு கார்ட்ரிட்ஜும் கடைசியில் யார் பில்லில் ஏறுகிறது என்பதை இந்த ஊரில் இருந்துகொண்டு மறக்க முடியாது.

எந்த மெஷினும் தவறான சாம்பிளைத் திருத்தாது. சிரிஞ்சில் ஒரு காற்றுக்குமிழி இருந்தால் ஆக்சிஜன் பொய் சொல்லும்; ஹெப்பாரின் திரவம் மிஞ்சினால் கார்பன் டை ஆக்ஸைடு குறையும். குதிகால் ரத்தத்தில் பிஎச்-ஐயும் கார்பன் டை ஆக்ஸைடையும் நம்பலாம், ஆக்சிஜனை நம்பக் கூடாது.

என் தீர்ப்பு: தினமும் பத்து டெஸ்ட்டுக்கு மேல் போடும் யூனிட்டுக்கு ஏபிஎல்90. அதற்குக் குறைவென்றால் எபோக். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை வரை ஆம்புலன்ஸில் குழந்தையை அனுப்பும் வேலை இருந்தால், மேஜை மெஷினோடு கையடக்கமானது ஒன்றும் வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் டெமோ மெஷினை ஒரு வாரம் வார்டிலேயே விடச் சொல்லுங்கள். நைட் டியூட்டி சிஸ்டர் அதில் தனியாக ஒரு கேபிலரி சாம்பிள் போட்டுப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு வாங்குங்கள்.