முகவரியில் முளைத்த இதழ்கள்

அறிவியல் புனைகதைக்கு இரசிகர்களே நடத்திய இதழ்கள் என்றதும், இது எங்கோ அமெரிக்கச் செய்தி என்று வாசகர் சிலர் பக்கத்தைப் புரட்டக்கூடும். கடலூருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனே மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலைப் 'பிரேத மனிதன்' எனத் தமிழுக்குக் கொணர்ந்தவர். இவ்வகை எழுத்தின் தாய்நூல் எனப் பலரும் கொள்ளும் படைப்பு நம்மூரில் பிறந்தவர் கைவழியே வந்தும், அதற்கென வாசகரே நடத்தும் இதழ் மரபு இங்கே வேரூன்றவில்லை. ஏன்?

அமெரிக்காவில் அது வேரூன்றிய விதத்தை முதலில் நோக்குவோம். 1926-இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' வாசகர் கடிதங்களை முழு முகவரியோடு வெளியிட்டது. எழுதியவர்கள் ஆசிரியரை விட்டுவிட்டுத் தமக்குள் எழுதிக்கொள்ளலாயினர். 1930-இல் சிகாகோவில் 'தி காமெட்' பிறந்தது. பின்னர் சூப்பர்மேனைப் படைத்த சீகலும் ஷூஸ்டரும் 1933-இல் அப்பெயரை முதலில் ஒரு தீயவனுக்குச் சூட்டியது தம் சைக்ளோஸ்டைல் இதழில்தான். ரே பிராட்பரி 1939-இல் தொடங்கிய இதழோ நான்கோடு நின்றது. பங்கு அறிவிப்புகளை உருட்டி எடுத்து விரலெல்லாம் மை பூசிக்கொண்ட நம் தலைமுறைக்கு அவ்வுழைப்பின் அருமை விளங்கும்.

இத்தாள்களில் வளர்ந்தவரே ஜேம்ஸ் பிளிஷ். 1958-இல் அவர் எழுதிய நாவலில் இயேசு சபைக் குரு ஒருவர், கடவுளை அறியாமலே பாவமின்றி வாழும் அயற்கோள் இனத்தைக் காண்கிறார். அது அலகையின் படைப்பு என்று முடிவுகட்டி, அதனாலேயே மானிக்கேயத் தப்பறையில் விழுகிறார். குருமடத்து வகுப்பறையில் எழவேண்டிய வினாவைச் சிறுவயதில் இரசிகர் இதழ் நடத்திய ஒருவர் எழுப்பியிருப்பது நமக்குச் சற்றுக் கூச்சத்தையும் தருகிறது. அவ்வட்டங்கள் புனிதமானவை என்று சொல்லவில்லை. 1939-இல் நியூயார்க்கில் கூடிய முதல் உலக மாநாட்டிலேயே இரசிகர் அறுவரை வாயிலில் தடுத்துவிட்டனர்!

தமிழில் இத்தகைய ஈகையுள்ளம் இல்லாமலில்லை. 1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடத்திய சி. சு. செல்லப்பா நூல்களைச் சுமந்து கல்லூரி கல்லூரியாய் ஏறியவர். சிதம்பரத்தில் வாழ்ந்த மௌனியைப் போற்றிக் காத்ததும் சிற்றிதழ் வாசகரே. ஆனால் அவர்கள் அறிவியல் புனைகதையைப் பொழுதுபோக்கென ஒதுக்கினர். அது வார இதழ்களில் வளர்ந்தது. 'கணையாழி'யின் கடைசிப் பக்கத்தை எழுதிய சுஜாதா இரு கரையிலும் கால் வைத்திருந்தார். எனினும் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில்தான் தொடராக வந்தது. 'ஏன்? எதற்கு? எப்படி?' பகுதியில் வாசகர் கேட்டனர், அவர் விடையளித்தார். அழகிய பணிதான். ஆயினும் எல்லாக் கடிதங்களும் ஒருவரையே நோக்கிச் சென்றன. கடலூர் வாசகர் சிதம்பரம் வாசகரை அறியவில்லை. ஆசான் ஒருவர் கிடைத்தார், கூட்டம் கூடவில்லை. இதுவே நம் கணிப்பு. 1972-இல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்த முத்து காமிக்ஸின் வாசகர்களிடம்தான் அத்தோழமையின் சாயல் தென்படுகிறது.

அங்கே வீழ்ச்சி வறுமையால் நேரவில்லை, எளிமையால் நேர்ந்தது. கணினி வலை வந்தபின் தபால்தலை ஒட்ட வேண்டிய தேவை அகன்றது. சிறந்த இரசிகர் இதழுக்கென 1955 முதல் வழங்கப்படும் ஹியூகோ விருதை 2010-இல் ஓர் ஒலித்தொடர் பெற்றது. ஆயினும் பழைய தாள்களை அயோவாப் பல்கலைக்கழகம் பேணி வருகிறது. நம் கல்லூரி விடுதிகளில் ஒரே படியாய்க் கைமாறிய கையெழுத்துப் பத்திரிகைகளுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை.

2008 பிப்ரவரியில் சுஜாதா மறைந்தார். மூன்று வாரங்களில் கொழும்பில் ஆர்தர் கிளார்க் மறைந்தார். கிளார்க் இளமையில் எழுதிய இங்கிலாந்து இரசிகர் இதழ் 'நோவே டெர்ரே' இன்றும் தேடுவோர்க்குக் கிடைக்கிறது. சுஜாதாவுக்கு நம் மாவட்டத்து இளைஞர்கள் எழுதிய கடிதங்களின் படிகள் எவர் வீட்டுப் பரணிலேனும் இருப்பின், கறையானுக்கு முன் நாம் அவற்றைக் காண விழைகிறோம்.