பதினான்கில் முடியும் பிள்ளைமை

கவிதையைத் திறனாய்வு செய்கிறோம்; கதையைத் திறனாய்வு செய்கிறோம். சட்டத்தை மட்டும் ஏனோ வழக்கறிஞரிடம் விட்டுவிடுகிறோம். சட்டமும் ஒரு நூல்தான். அதற்கும் சொல் உண்டு, பொருள் உண்டு; சொல்லாமல் விட்ட இடங்களும் உண்டு. கவிதையில் ஒரு சொல் பிழைத்தால் ஓசை கெடும். சட்டத்தில் ஒரு சொல் பிழைத்தால் ஒரு வீட்டின் விளக்கே அணைந்துபோகும். ஆகவே, நம் பிள்ளைகளின் பள்ளி வாழ்வைக் காக்க எழுதப்பட்ட சட்டங்களை வரி வரியாகப் படித்து, அவற்றின் நிறைகுறைகளைச் சீர்தூக்கிப் பார்க்க முனைகிறேன்.

இதை எழுதும் ரிஷிவந்தியம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. இதே மாவட்டத்தில், சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில், தனியார் பள்ளி விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த மாணவி ஒருத்தி 2022 ஜூலை 13 அன்று உயிரிழந்தாள். நான்கு நாள் கழித்து, ஜூலை 17 அன்று, பெருங்கூட்டம் பள்ளிக்குள் புகுந்தது. பேருந்துகள் எரிந்தன, வகுப்பறைகள் சூறையாடப்பட்டன, மற்ற மாணவர்களின் சான்றிதழ்களும் தீக்கு இரையாயின. சாவின் காரணத்தைப் பற்றிய விசாரணை சி.பி.சி.ஐ.டி. போலீசாரிடமும் பின்னர் நீதிமன்றத்திடமும் சென்றது. அதில் தீர்ப்புரைப்பது நம் வேலையன்று. இறந்துபோன பிள்ளையின் பெயரை ஊர்வாயில் போட்டு மெல்வதும் நமக்கு அழகன்று. நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அந்த ஜூலை 13க்கு முந்திய நாள்வரை, அவளைப் போன்ற ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்காகச் சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது?

பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளைப் பதிவு செய்யவேண்டுமெனத் தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால், கனியாமூர் விடுதி உரிய பதிவின்றி நடந்தது என்பது, சாவுக்குப் பிறகுதான் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆய்வில் வெளியே வந்தது. கல்வி நிலையங்களில் நேரும் மாணவர் சாவுகளைச் சி.பி.சி.ஐ.டி.யே விசாரிக்க வேண்டும் எனச் சென்னை உயர்நீதிமன்றம் அதே மாதத்தில் ஆணையிட்டது. நல்ல ஆணைதான், ஆயினும் அது தொடங்கும் இடம் சாவு. நம் சட்டங்களின் முதற் குறை இதுவே. அவை பிள்ளை அழும்போது பேசுவதில்லை. பிள்ளை அடங்கிய பிறகு பேசுகின்றன.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். எந்தக் குழந்தையையும் உடலால் தண்டிக்கக் கூடாது, மனத்தால் துன்புறுத்தக் கூடாது என்பது அதன் கருத்து. மனத்துன்பத்தை அடியோடு சேர்த்து எண்ணியது இந்தப் பிரிவின் பெருமை. பிரம்பை ஒளித்து வைத்துவிட்டு நாக்கால் அடிக்கும் ஆசிரியரும் குற்றவாளியே என்று சொல்லிவிட்டது. ஆனால் அதே சட்டத்தின் தொடக்கத்தில் உள்ள சொல்விளக்கத்தைப் பாருங்கள். குழந்தை என்றால் 6 வயது முதல் 14 வயது வரை உள்ளவர் என்று அங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது. பொதுத்தேர்வு, உயர்கல்விப் போட்டி, முதன்முறை விடுதி வாழ்வு, உடலும் உள்ளமும் மாறும் பருவம் எல்லாம் பதினான்கைத் தாண்டித்தான் வருகின்றன. சுமை ஏறும் வயதில் சட்டம் கைகழுவிக்கொள்கிறது. பதினேழு வயதுப் பிள்ளை அச்சட்டத்தின் கண்ணில் குழந்தையே அன்று!

தண்டனை என்ன என்று பார்த்தால், பணிவிதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை என்ற அளவோடு அப்பிரிவு நின்றுவிடுகிறது. தனியார் பள்ளியில் அந்த நடவடிக்கையை எடுக்கவேண்டியவர் யார்? அதே பள்ளியின் நிர்வாகிதான். குற்றம் சாட்டப்படுபவரின் முதலாளியே நீதிபதி! மனத்துன்பம் எது என்பதற்கும் அச்சட்டம் விளக்கம் தரவில்லை. மதிப்பெண்ணை வகுப்பின் நடுவே உரக்கப் படித்து ஒருவனைத் தலைகுனிய வைப்பது துன்புறுத்தலா? கட்டணம் கட்டாத மாணவியை எழுப்பி நிறுத்துவது துன்புறுத்தலா? சட்டம் வாய் திறக்கவில்லை.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இந்தக் குறையை ஓரளவு நிரப்புகிறது. அதில் 18 வயது நிரம்பாத எவரும் குழந்தையே. தம் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்கினாலும், கைவிட்டாலும், தேவையற்ற உடல்துன்பமோ மனத்துன்பமோ விளையும்படி நடத்தினாலும் அதன் 75ஆம் பிரிவு தண்டிக்கும். குழந்தைகளைப் பராமரிக்கும் பொறுப்புள்ள அமைப்பைச் சேர்ந்தவர் குற்றவாளியானால் 5 ஆண்டுவரை கடுங்காவலும் 5 லட்ச ரூபாய்வரை அபராதமும் உண்டு. ஆனால், காவல் நிலையப் படியேறிய பிறகே வேலை செய்யும் சட்டம் இது. ஆசிரியரைச் சிறைக்கு அனுப்ப எந்தப் பிள்ளை விரும்பும்? அதற்கு வேண்டியது ‘எனக்கு நெஞ்சு அடைக்கிறது’ என்று சொன்னால் கேட்கும் ஒரு செவி.

இனி, நம் வீட்டுக்குள் திரும்புவோம். பிறரைத் திறனாய்வு செய்யும்போது கூர்மையாக இருக்கும் நம் பேனா, தன்னைத் திறனாய்வு செய்யும்போது மழுங்கிவிடக் கூடாது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மத்ரஸாக்களும் வேத பாடசாலைகளும் கல்வி உரிமைச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டன. 2014இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கும் அச்சட்டம் பொருந்தாது என்றது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பின் மீது ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்காக அனுப்பினர். நம் நிறுவனங்களை நாமே நடத்தும் உரிமை காக்கப்பட்டது என்று 2014இல் மகிழ்ந்தோம். மகிழ்ச்சி நியாயமானதே. அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு நமக்குக் கிடைத்த அரிய காப்பு. ஆயின், அந்தக் காப்போடு சேர்ந்து 17ஆம் பிரிவும் நம் பிள்ளைகளின் முதுகிலிருந்து விலகிப்போனதை எத்தனை பேர் கவனித்தோம்?

‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்’ என்று சொல்லி உஸ்தாதிடமும் வாத்தியாரிடமும் பிள்ளையை ஒப்படைத்த தலைமுறை நம்முடையது. அந்தச் சொல்லில் ஆசிரியர் மீது இருந்த மதிப்பு போற்றத்தக்கது. பிள்ளையின் தோல் மீது இருந்த அலட்சியம் போற்றத்தக்கதன்று. ஒப்படைக்கப்பட்ட பிள்ளை அமானிதம். அமானிதப் பொருளில் கீறல் விழுந்தால் பொறுப்பேற்பவர் யார் என்று கேட்பது மார்க்க விரோதமும் அன்று, சமுதாயத் துரோகமும் அன்று.

‘இப்படியெல்லாம் எழுதினால் அரசு நம் நிறுவனங்களுக்குள் நுழைய நாமே கதவைத் திறந்துவிட்டவர்கள் ஆவோமே’ என்று பெரியவர்கள் சிலர் கவலைப்படலாம். அக்கவலையை எள்ளி நகையாட மாட்டேன். நம்மை மட்டும் குறிவைத்துச் சோதனை வரும் என்ற அச்சத்துக்கு வரலாற்றில் காரணம் உண்டு. ஆனால், நிர்வகிக்கும் உரிமை சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமையாகாது என்று உச்ச நீதிமன்றம் கேரளக் கல்வி மசோதா வழக்கில் 1958இலேயே தெளிவாக்கிவிட்டது. குறையை நாமே திருத்திக்கொண்டால் வெளியார் நுழைய வாசல் தேவைப்படாது. மூடி மறைத்தால் ஒரு நாள் சுவரையே இடித்துக்கொண்டு வருவார்கள்.

சட்டத்தால் பயனே இல்லை என்று சோர்ந்துவிடவும் வேண்டியதில்லை. கும்பகோணத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2004 ஜூலை 16 அன்று ஒரு தொடக்கப் பள்ளியின் சமையலறையில் பற்றிய தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்றார்கள்; கூரைகள் இறங்கின. 2009இல் உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியைப் பெறும் உரிமையும் அடங்கும் என்றது. அந்தக் கூரை ஆணை ஏன் பலித்தது? கூரை கண்ணுக்குத் தெரிவது. தெருவில் போகும் எவரும் அண்ணாந்து பார்த்து ‘இங்கே கீற்று இருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். நல்ல சட்டத்துக்கு இதுவே இலக்கணம்: அது நிறைவேறியதா இல்லையா என்பதை எழுதப் படிக்கத் தெரியாத தாயும் ஒரே பார்வையில் சொல்ல முடிய வேண்டும்.

அந்த அளவுகோலைக் கொண்டு 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்த 15 நெறிமுறைகளை அளந்து பார்க்கலாம். விசாகப்பட்டினத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பயின்ற 17 வயது மாணவியின் சாவு தொடர்பான வழக்கில் அவை பிறந்தன. 2022இல் நாட்டில் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டதையும், தேர்வுத் தோல்வி காரணமாக 2,248 சாவுகள் நேர்ந்ததையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. இரண்டு எண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தேர்வு ஒன்றே காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பது விளங்கும். நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைக் கூறுபோடக் கூடாது. பலர் முன் அவமதிக்கக் கூடாது. உதவித் தொலைபேசி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் எழுதிவைக்க வேண்டும். ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும். இவை கண்ணால் கண்டு சரிபார்க்கத்தக்கவை. கூறுபோடுவதும் அவமதிப்பதும் குற்றம் என்று பெயர்சொல்லிக் கூறியதால், 2009ஆம் ஆண்டுச் சட்டம் விட்ட மௌனத்தை இது உடைத்திருக்கிறது.

ஆயினும் குறை உண்டு. நூறுக்குக் குறைந்தால் வெளி ஆலோசகரோடு தொடர்பு வைத்தால் போதும் என்கிறது நெறிமுறை. கல்வராயன் மலையில் ஒரு சிறு பள்ளியை நினைத்துப் பாருங்கள். பெற்றோர் வெளியூருக்குப் பிழைக்கப் போயிருக்க, மலையாளிப் பழங்குடிப் பிள்ளை அங்கே தனித்திருக்கிறது. அதற்கு அந்தத் ‘தொடர்பு’ தாளில் எழுதிய ஓர் எண்ணாகவே நின்றுவிடும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அரசு பண உதவியும் கல்விச் செலவும் அறிவித்தது. அது கடமை, செய்தது நன்று. ஆனால், மறுவாரம் வகுப்பறைக்குத் திரும்பிய பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து அதன் துக்கத்தைக் கேட்க ஒருவர் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் கட்டளையிட்டிருக்கிறது?

மேலும், நெறிமுறை சட்டமாகாது. சட்டம் வரும்வரை நிற்கும் ஊன்றுகோல் அது. பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமையைப் பற்றி 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் நெறிமுறை வகுத்தது. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது 2013இல். பதினாறு ஆண்டுகள்! தமிழ்நாட்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2018இல் இயற்றப்பட்டது. அதற்குரிய விதிகள் வந்ததோ 2023இல். இடையிலேதான் கனியாமூர். மெத்தனத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆகவே சட்டமன்றம் செய்ய வேண்டியது இது. குழந்தை என்றால் பதினெட்டு வயது நிறையாதவர் என்று ஒரே வரையறை வேண்டும். பள்ளி, விடுதி, தனிப்பயிற்சி நிலையம், மத்ரஸா, பாடசாலை என்ற வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைக்கும் ஒரே காப்பு வேண்டும். சிறு பள்ளிகள் பல சேர்ந்து ஓர் ஆலோசகரைப் பெற, ஒன்றியந்தோறும் அரசே ஊதியம் தர வேண்டும். பிள்ளை எழுதிப்போடும் முறையீட்டுப் பெட்டியின் சாவி நிர்வாகியிடம் இருக்கக் கூடாது. சட்டத்தின் சாரம் பிள்ளைக்குப் புரியும் எளிய தமிழில் பள்ளிச் சுவரில் எழுதப்பட வேண்டும்.

அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பொறுப்பிலுள்ள பள்ளிக்கும் மத்ரஸாவுக்கும் இந்த ஆண்டே இந்த ஐந்தையும் விதியாக எழுதிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனையும் 1098 என்ற எண்ணில் குழந்தைகளுக்கான உதவியும் கிடைக்கின்றன. அவற்றைச் சுவரில் எழுத ஒரு டப்பா வண்ணம் போதும். அரபு நாட்டில் உழைக்கும் அத்தா தொலைபேசியில் அழைக்கும்போது, முதற் கேள்வியாக ‘எத்தனை மார்க்கு?’ என்று கேட்காமல் ‘நீ நல்லா இருக்கியா, கண்ணு?’ என்று கேட்கட்டும். பதிலுக்குச் சிறிது நேரம் மௌனம் வந்தால், அந்த மௌனத்தையும் பொறுமையாகக் கேட்கட்டும்.