குடும்பப் பெயர் இல்லாதவர்களின் நூற்பட்டியல்

மேற்கோள் காட்ட உதவும் மென்பொருள்களையும் நூல்களைப் போலவே விமர்சனம் செய்யலாம் என்று நினைக்கிறேன். அவற்றுக்கும் ஆசிரியர்கள் உண்டு, காலம் உண்டு. 'நூல் என்றால் இப்படி இருக்கும், ஆசிரியர் என்றால் இப்படி இருப்பார்' என்கிற முன்முடிவுகளும் உண்டு. அந்த முன்முடிவுகள் ஆங்கிலத்தில் எழுதுகிறவரின் கண்ணில் படாது. தமிழில் எழுதுகிறவருக்கு முதல் நாளே காலில் இடிக்கும்.

நான் எழுதுவது ஈமாக்ஸ் என்ற பழைய எடிட்டரில். கட்டுரை வெறும் உரைக்கோப்பாக இருக்கும். தடித்த எழுத்து, அடிக்குறிப்பு, மேற்கோள் எல்லாமே அதற்குள் சாதாரணக் குறிகள்தான். ஈமாக்ஸுக்குள் இருக்கும் ஆர்க்-மோடில், 2021-இல் வந்த 9.5 பதிப்பிலிருந்து மேற்கோள் வசதி உள்ளேயே சேர்ந்துவிட்டது. அதற்கு மேல் புரூஸ் டார்கஸ் எழுதிய 'சிட்டார்' என்ற பொதியை வைத்துக்கொண்டால் தேடவும் செருகவும் வசதி. அமைப்பது பெரிய வேலை இல்லை. நூற்பட்டியல் கோப்பு எங்கே இருக்கிறது, மேற்கோளைச் செருகுவது யார், செருகிய மேற்கோளின் மேல் அழுத்தினால் புத்தகத்தையோ குறிப்பையோ திறப்பது யார், திரையில் வண்ணம் காட்டுவது யார் என்று நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதிவைத்தால் போதும். பிறகு எழுதிக்கொண்டே போகும்போது கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-எக்ஸ், கடைசியில் அட் குறி. ஒரு பட்டியல் விரியும். இரண்டு மூன்று எழுத்து அடித்தால் பட்டியல் சுருங்கும். என்டர் தட்டினால் மேற்கோள் உட்கார்ந்துவிடும்.

"ஏனுங்க, வேர்டுல அடிச்சு, அடைப்புக்குறிக்குள்ள பேரையும் வருசத்தையும் போட்டா ஆகாதுங்களா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆகும். ஒரு கட்டுரைக்கு அது போதும். பத்து வருடம் எழுதப்போகிறீர்கள், அதே புத்தகத்தைப் பல இடத்தில் சுட்டப்போகிறீர்கள் என்றால் நிலைமை வேறு. ஜவுளிக்கடையில் துண்டுச்சீட்டில் எழுதிய கடனுக்கும் பேரேட்டில் ஏறிய கடனுக்கும் என்ன வித்தியாசமோ அதுதான் இங்கேயும். நூற்பட்டியல் கோப்பு என்பது நான் யார் யாரிடம் என்ன வாங்கியிருக்கிறேன் என்பதன் பேரேடு.

பேரேட்டின் கட்டங்களை யார் போட்டது என்பதுதான் சிக்கல்.

அந்தக் கோப்பின் வடிவம் பிப்டெக்ஸ். ஓரன் படாஷ்னிக் 1985-இல் எழுதியது. கணிதம், கணினியியல் கட்டுரைகளுக்காக உருவானது. அதில் ஒரு பெயரை எழுதினால் அதை அது 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என்று பிரித்துக்கொள்ளும். நாம் காற்புள்ளி போடாவிட்டால் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர். 'உ. வே. சாமிநாதையர்' என்று எழுதினால் பிழைத்துக்கொள்வோம். தலைப்பெழுத்து முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்பது நம் வழக்கம். ஆகவே கருவி 'சாமிநாதைய'ரைக் குடும்பப் பெயராக நினைத்துச் சரியான இடத்தில் வைத்துவிடும். காரணம் தப்பு, விடை சரி. ஆனால் 'எஸ். வையாபுரிப் பிள்ளை' என்று எழுதிப் பாருங்கள். அவர் 'பிள்ளை' ஆகிவிடுவார். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் 'பிள்ளை'. பிள்ளைகள் எல்லாரும் 'ப' வரிசையில் போய் நிற்பார்கள். 'தொ. மு. சிதம்பர ரகுநாதன்' வெறும் ரகுநாதனாவார். எங்கள் பக்கத்துப் பெருமாள்முருகன் தம் பெயரைச் சேர்த்தே எழுதுவதால் தப்பித்தார். யாராவது நடுவில் இடைவெளி விட்டால் அவரும் முருகன்தான்.

இதற்கு மருந்து இருக்கிறது. சேர்ந்து நிற்க வேண்டிய சொற்களை நெளிவு அடைப்புக்குள் போட்டால் கருவி பிரிக்காது. மருந்து இருப்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. ஒவ்வொரு பெயருக்கும் நான் நின்று, 'இதில் பெயர் எது, சாதி எது, ஊர் எது, அப்பா எது' என்று கேட்க வேண்டியிருக்கிறது. தமிழில் தலைப்பெழுத்து பெரும்பாலும் அப்பா பெயர், சிலருக்கு ஊரும் சேரும். மேற்கில் அப்பா பெயர் முன்வாசலில் நிற்கும் இடத்தில் நாம் ஒற்றை எழுத்தாகச் சுருக்கி ஓரமாக வைத்திருக்கிறோம். சாதிப் பெயரை விட்டவர்களின் மேற்கோள் ஒழுங்காக விழுகிறது. விடாதவர்களுடையது சாதியின் கீழ் அடுக்கப்படுகிறது. 1985-இல் இதை எழுதிய மனிதர் இதையெல்லாம் நினைத்திருக்க வழியில்லை. ஆனாலும் கருவி அந்த முடிவை எடுத்துவிடுகிறது.

அடுத்தது எழுத்து. யூனிகோடில் 'சா' என்பது ஒரெழுத்து இல்லை. 'ச' ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு குறிகள். 'பெயரின் முதல் எழுத்தை எடு' என்று நிரலில் அசட்டையாக எழுதினால் சாமிநாதன் 'ச.' ஆவார், கோவிந்தன் 'க.' ஆவார். கி. ராஜநாராயணனை யாரும் 'க. ரா.' என்று கூப்பிட்டதில்லை. அகரவரிசையும் இப்படித்தான். குறியெண் வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டால் 'ஜ' வந்து 'ச'வுக்கு அடுத்து உட்காரும், 'ன' வந்து 'ந'வுக்கு அடுத்து வரும், 'ற' 'ர'வோடு ஒட்டிக்கொள்ளும். நம் அகராதிகளில் 'க்' முதலில், பிறகுதான் 'க'. குறியெண் வரிசையில் புள்ளி வைத்த எழுத்து 'கௌ'வுக்கும் பின்னால் போய்விடும். பிப்டெக்ஸுக்குப் பின்னால் வந்த 'பைபர்' யூனிகோடின் வரிசைப்படுத்தும் முறையைப் பின்பற்றுவதால், தமிழ் என்று மொழியைச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தேடல்தான் நான் அதிக நேரம் செலவழித்த இடம். தமிழில் ஒரு பெயருக்கு ஒரு எழுத்துக்கூட்டல் என்பது கிடையாது. சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் மூவரும் ஒருவரே. கொங்கு வரலாறு எழுதிய ஈரோட்டுப் புலவர் செ. இராசுவை 'ராசு' என்றும் எழுதுவார்கள். ராஜன், இராஜன், இராசன் மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். இதோடு கண்ணுக்கே தெரியாத ஒரு வேறுபாடும் உண்டு. 'கொ' என்பதை ஒற்றைக் கொம்புக்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு தனி, துணைக்கால் தனி என்றும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலில் ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காது. 'கொங்கு' என்று தேடிக் 'கொங்கு' கிடைக்காமல் போவது இப்படித்தான். பட்டியலில் ஏற்றும் முன்பே உரையை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

பெயர்களுக்கு நான் கண்ட வழி எளியது. சிட்டார் பட்டியலில் ஆசிரியர், ஆண்டு, தலைப்பு மட்டும் இல்லை. திறவுச்சொல்லும் குறிச்சொற்களும் கூடவே வருகின்றன. ஆகவே ஒவ்வொரு பதிவின் குறிச்சொல் கட்டத்திலும் அந்தப் பெயரின் மற்ற எழுத்துக்கூட்டல்களையும் வாசகர் வழக்கையும் எழுதிவிடுகிறேன். புதுமைப்பித்தன் பதிவில் 'விருத்தாசலம்', கு. ப. ராஜகோபாலன் பதிவில் 'கு.ப.ரா.' இருக்கும். திறவுச்சொல்லை மட்டும் ரோமன் எழுத்தில் வைத்திருக்கிறேன். விசைப்பலகையை மாற்றாமலே மூன்று எழுத்து தட்டினால் தமிழ்ப் பதிவு வந்து நிற்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறை. பெரிய வேறுபாடு, மேற்கோள் என்றால் என்ன என்பதிலேயே இருக்கிறது. பிப்டெக்ஸின் உலகத்தில் மேற்கோள் என்றால் ஆசிரியர், ஆண்டு, பக்கம். தமிழ் மரபில் நூல், பாட்டு எண். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைத் திறந்தால், சொல்லுக்குச் சொல் நூற்பெயரின் சுருக்கமும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். ஆசிரியர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. முன்பக்கத்தில் சுருக்கங்களுக்கு விளக்கம் இருக்கும். இன்று திறவுச்சொல் என்று நாங்கள் சொல்வதும் அதேதான். இது வசதிக்காக மட்டும் வந்த முறை அல்ல. பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பாட்டு எண் பெரும்பாலும் மாறாது. யார் வீட்டில் எந்தப் பதிப்பு இருந்தாலும் தேடிப் பிடித்துவிடலாம்.

அதற்கும் முந்தைய உரையாசிரியர்கள் இன்னும் சுருக்கம். வரியைச் சொல்லி, 'என்றார் பிறரும்' என்று முடித்துவிடுவார்கள். கேட்பவருக்கு நூல் மனப்பாடம் என்ற நம்பிக்கை. அந்த மனப்பாடம் அறுந்தபின் வந்த உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்களுக்கு, உரைக்குள் கிடக்கும் வரி எந்த நூலினுடையது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலையாயிற்று. மறுபக்கம், உரைகளில் மேற்கோளாக வந்ததால் மட்டுமே சில வரிகளாவது தப்பிய நூல்கள் தமிழில் ஏராளம். மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு தனிப் புத்தகமே தொகுத்தார். சுட்டாமல் சுட்டிய பழக்கத்தால் நாம் இழந்ததும் உண்டு, சுட்டியதால் மிச்சமானதும் உண்டு.

பழைய பிப்டெக்ஸில் பதிவு வகைகள் 14. புத்தகம், கட்டுரை, ஆய்வேடு, கையேடு எல்லாம் உண்டு. கல்வெட்டு இல்லை, ஓலைச்சுவடி இல்லை. கொங்கு வரலாறு எழுதுகிறவருக்கு இவை இரண்டும்தான் முதல் சான்று. இவற்றை 'இதர' என்ற வகைக்குள் தள்ள வேண்டியிருக்கிறது. நடை வகுக்கும் சி.எஸ்.எல். கோப்பு இவ்விஷயத்தில் கொஞ்சம் தாராளம். பக்கத்துக்குப் பதிலாகப் 'பாட்டு' என்று இடம் சுட்ட அதில் வழியுண்டு. அந்தச் சொல்லைத் தமிழில் 'பா.' என்று அச்சிடும்படியும் மாற்றிக்கொள்ளலாம். பட்டியலில் பெயரைத் தலைகீழாகத் திருப்பாதே என்றும் சொல்லலாம். நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.

இதனால் என்ன ஆகப்போகிறது என்பதற்குப் பக்கத்து ஊரையே எடுத்துக்கொள்கிறேன். ஈரோட்டிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில், சென்னிமலைக்கு அப்பால், நொய்யல் கரையில் கொடுமணல். எங்கள் பகுதியில் இதைப்பற்றி எழுதாத மலர் கிடையாது. கோயில் மலர், பள்ளி மலர், கல்யாணத்தில் கொடுக்கும் சிறுநூல் எல்லாவற்றிலும் வரும். 'சங்க இலக்கியம் போற்றும் கொடுமணலிலிருந்து மணிகள் ரோமுக்குப் போயின' என்று ஒரே மூச்சில் ஒரு வாக்கியம். சான்று எதுவும் இருக்காது.

அந்த வாக்கியத்தை என் எடிட்டரில் எழுதி, அட் குறியைத் தட்டும்போது எங்கே மேற்கோளை வைப்பது என்று கை நிற்கிறது. ஏனென்றால் அதற்குள் பல வாக்கியங்கள் இருக்கின்றன. ஒன்று, பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்ற ஊரைச் சொல்கிறது. பாட்டு 67-இல் கபிலரும் 74-இல் அரிசில்கிழாரும் சொல்கிறார்கள். இரண்டு, இன்றைய கொடுமணலில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் அகழ்ந்தபோது மணி செய்த தடயங்களும் இரும்பு உருக்கிய தடயங்களும் தமிழ்ப் பிராமி கீறிய ஓடுகளும் கிடைத்தன. மூன்று, பாட்டில் வரும் கொடுமணமும் இந்தக் கொடுமணலும் ஒன்றே. நான்கு, மணிகள் ரோம் போயின. முதலாவது நூலில் இருப்பது. இரண்டாவது மண்ணில் இருப்பது. மூன்றாவது ஒரு முடிவு. நல்ல முடிவு, பரவலாக ஏற்கப்பட்டது, ஆனாலும் யாரோ காரணம் காட்டி எடுத்தது. நான்காவதுக்கு வேறு வகைச் சான்று வேண்டும். நான்குக்கும் நான்கு இடத்தில் சான்று வேண்டும். ஒன்று ஆடினால் மற்றது விழாமல் இருக்கும். மலர்களில் எழுதுவதுபோல ஒரே மூட்டையாகக் கட்டினால், யாராவது ஒரு நூலை உருவியதும் மொத்தமும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். ஊர்ப் பெருமைக்குச் செய்கிற கெடுதல் இதைவிட வேறு இல்லை.

அந்த 67 என்ற எண்ணையும் கொஞ்சம் பாருங்கள். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை. உ. வே. சா. 1904-இல் பதிப்பித்தபோதும் எட்டுப் பத்துகள்தான். ஆனாலும் எண்கள் 11-இலிருந்துதான் தொடங்குகின்றன. தொலைந்த பத்துப் பாட்டுக்கும் இடம் விட்டு எண்ணியிருக்கிறார்கள். ஏழாம் பத்தின் ஏழாம் பாட்டு 67. ஒரு மேற்கோள் எண்ணே இல்லாத பாட்டுகளையும் கணக்கில் வைத்திருக்கிறது.

கருவியைப் புகழ்ந்துவிட்டு மட்டும் முடிக்க முடியாது. செருகுவது இவ்வளவு சுலபமாகும்போது இன்னொரு சீக்கு வருகிறது. படிக்காத புத்தகத்தையும் மூன்று விசையில் சுட்டிவிடலாம். ஒரு பத்திக்கு ஏழு மேற்கோள், ஏழும் முன்னுரையிலிருந்து. பல்கலைக்கழகக் கட்டுரைகளில் இது ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. இலக்கியக் கட்டுரைகளில் நம் நோய் எதிர்ப்பக்கம். 'ஓர் அறிஞர் கூறுவதுபோல', 'எங்கோ படித்தேன்', 'பாரதி சொன்னான்'. அடிக்குறிப்பு வாசிப்பின் சுகத்தைக் கெடுக்கும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரைகளைச் சான்றுகளோடு சேர்த்துச் சுகமாகவே படித்தோம். சான்று இருப்பதால் நடை செத்துப்போகாது.

என் அமைப்பில் ஒரு சின்ன ஏற்பாடு வைத்திருக்கிறேன். பட்டியலில் இல்லாத திறவுச்சொல்லை எழுதினால் ஆர்க்-மோடின் அடிப்படைச் செயலி அதைப் பிழை வண்ணத்தில் காட்டும். அதனால் வண்ணம் காட்டும் வேலையை மட்டும் சிட்டாரிடம் கொடுக்காமல் அதனிடமே விட்டிருக்கிறேன். சான்று கையில் இல்லாத வாக்கியத்தை எழுதும்போது, இல்லாத ஒரு திறவுச்சொல்லை வேண்டுமென்றே பக்கத்தில் போடுகிறேன். சிவப்பாக நிற்கும். நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தைப் பார்த்துப் பதிவு ஏற்றினால் சிவப்பு போய்விடும். போகவில்லை என்றால் வாக்கியத்தை எடுத்துவிடுகிறேன். கொடுமணல் பற்றிய பத்தியில் முதல் மூன்றும் நிறம் மாறிவிட்டன. நான்காவது இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு நூலகம் போக வேண்டும்.