ஐந்து கழித்தல் இரண்டு

முட்டைக்கோஸுக்கும் டர்னிப்புக்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்கள் எழுத்துக்கு எழுத்து ஏறக்குறைய ஒன்றுதான், வரிசைதான் வேறு. 1988-இல் பால்மரும் ஹெர்பனும் கண்டது இது. டர்னிப்பில் துண்டுகளுக்கு 1, 2, 3, 4, 5 என்று எண் போட்டால், முட்டைக்கோஸில் 1, −5, 4, −3, 2. கழித்தல் குறி என்றால் அந்தத் துண்டு தலைகீழாகத் திரும்பிக் கிடக்கிறது. அறுத்து, திருப்பி, ஒட்டித்தான் ஒன்று மற்றதாக வேண்டும். குறைந்தது எத்தனை திருப்பல்?

இதற்கு பாஃப்னாவும் பெவ்ஸ்னரும் தந்த பிரேக்பாயின்ட் கிராஃப் இருக்கிறதே, அடடா! பேனாவை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். வட்டமான ஜீனோம். துண்டுக்கு ஒரு தலை, ஒரு வால்; ஆகப் பத்துப் புள்ளி. டர்னிப்பில் அடுத்தடுத்து இருக்கும் முனைகளைச் சிவப்பில் இணையுங்கள்: 1-இன் தலை 2-இன் வாலோடு, 2-இன் தலை 3-இன் வாலோடு, கடைசியில் 5-இன் தலை 1-இன் வாலோடு. முட்டைக்கோஸுக்கு நீலம்: 1-இன் தலை போய் 5-இன் தலையில் முட்டும், 5-இன் வால் 4-இன் வாலில், இப்படியே. இனி சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று விரலை ஓட்டுங்கள். ஆறு கோட்டில் ஒரு சுற்று, மிச்ச நாலு கோட்டில் இன்னொன்று. மொத்தம் இரண்டு. இரு ஜீனோமும் ஒன்றேயானால் ஐந்து சுற்று வந்திருக்கும். ஒரு திருப்பலால் ஒரு சுற்றுக்கு மேல் கூட்டவே முடியாது. ஐந்து கழித்தல் இரண்டு, மூன்று! மூன்றிலேயே முடியவும் செய்கிறது: 2-ஐத் திருப்பு, 4-ஐத் திருப்பு, −5 முதல் −2 வரை மொத்தமாகப் புரட்டு. சொக்கிப் போனேன்.

எப்போதும் இவ்வளவு சுலபமில்லை. சில சுற்றுகள் முரண்டு பிடிக்கும். கூடுதல் திருப்பல் கேட்கும். அவற்றையும் கணக்கில் கொண்டுவந்து, துல்லியமான விடையை விரைவாகத் தரும் அல்காரிதத்தை 1995-இல் ஸ்ரீதர் ஹன்னென்ஹள்ளியும் பெவ்ஸ்னரும் கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கழித்தல் குறிகளை அழித்துவிட்டால் அதே கேள்வி என்பி-ஹார்ட், அதாவது விரைவான அல்காரிதம் எதுவும் தெரியாத வகை, ஆகிவிடுகிறது. 1997-இல் கப்ராரா நிரூபித்தது.

மரபணு இரட்டித்துவிட்டாலோ கூத்துதான். ஈஸ்ட்டின் மூதாதை ஒன்று முழு ஜீனோமையுமே இரட்டித்துக்கொண்டதற்கு 1997-இல் வுல்ஃபும் ஷீல்ட்ஸும் தடயம் காட்டினார்கள். இப்போது 3 என்றால் எந்த 3? கோட்டை எந்த வாலில் போடுவது? கலைந்து கிடக்கும் இரட்டை ஜீனோமிலிருந்து இரட்டிப்புக்கு முந்தைய வரிசையை மீட்க 2003-இல் எல்-மப்ரூக்கும் சாங்காஃபும் வழி சொன்னார்கள். அங்கேயும் தேடுவது என்ன தெரியுமா? சுற்றுகள் மிக அதிகமாகக் கிடைக்கும் இணைப்பு. மறுபடியும் சுற்றை எண்ணுவதுதான்!