மீண்டு வந்த அணங்கு

ஆங்கில நாவலாசிரியர் றைடர் ஹகாட் 1905ஆம் ஆண்டில் 'ஆயிஷா' என்னும் நூலை வெளியிட்டபோது, இதனைத் தம் முந்திய நாவலின் தொடர்ச்சியெனக் கருதலாகாதென அதன் முகவுரையில் வாசகரை வேண்டிக்கொண்டார். ஒரு துன்பியற் கதையின் முற்பாதி முன்னரே வெளிவந்துவிட்டது. இஃது அதன் பிற்பாதி என்பது அவர் கருத்து. தொடர்ச்சி நூல்களை அடியோடு வெறுப்பார் சிலர் உளர் என்பதனையும் அவர் அறிந்தேயிருந்தார். வழக்குத் தொடருமுன்னரே எதிர்வாதம் எழுதிவைத்த இம்முன்னெச்சரிக்கை நமக்கு ஓர் ஐயத்தை எழுப்புகின்றது. முற்பாதி உண்டாக்கிய அச்சத்தையும் வியப்பையும் பிற்பாதி உண்டாக்குகின்றதா என்பதே அவ்வையம்.

முதல் நூலாகிய 'அவள்', 1886 ஒக்டோபர் முதல் 1887 ஜனவரி வரை 'கிறாபிக்' என்னும் வார இதழில் தொடராக வந்து, 1887இல் நூலுருப் பெற்றது. ஏறத்தாழ ஆறு வாரங்களில் அதனை எழுதி முடித்ததாக ஆசிரியரே பிற்காலத்திற் குறித்துள்ளார். கேம்பிறிட்ஜிற் பணிபுரியும் ஹொலி என்னும் அழகற்ற அறிஞரும், அவர் வளர்த்த பேரழகனாகிய லியோவும், ஒரு பழைய மட்கல ஓட்டிற் பொறித்த செய்தியைப் பின்பற்றி ஆப்பிரிக்காவின் உட்பகுதிக்குச் செல்கின்றனர். அங்கே கோர் என்னும் பாழ்நகரத்தின் குகைகளில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இறவாதும் மூவாதும் ஒரு பெண் வாழ்கின்றாள். தான் முன்னொருகாற் காதலித்துத் தன் கையாலேயே கொன்ற கல்லிக்கிறாத்தீஸ் என்பானே லியோவாகப் பிறந்து வந்துள்ளான் என அவள் நம்புகின்றாள். அவளே ஆயிஷா. ('அஸ்ஷா' என உச்சரித்தல் வேண்டுமென ஆசிரியர் இரண்டாம் நூலின் முகவுரையில் அறிவுறுத்துகின்றார். அவ்வறிவுரையைப் பின்பற்றுவார் அரியர்.)

இவ்வகைக் கதையை எடைபோடுவதற்குத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வைத்துள்ள அளவுகோல் நமக்குப் பெரிதும் பயன்படும். அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கனிடமாகப் பிறக்கும் என்பர் அவர். மருட்கையாகிய வியப்பு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கனிடமாகப் பிறக்கும். ஒன்று மற்றொன்றாகத் திரிதலே ஈண்டு ஆக்கம் எனப்படுவது. இவ்வெட்டனுள் எவற்றை ஹகாட் முதல் நூலிற் கையாண்டார், எவற்றை இரண்டாம் நூலுக்கு எடுத்துக்கொண்டார் என்று பார்ப்பின், இரண்டிற்குமுள்ள ஏற்றத்தாழ்வு தானே விளங்கும்.

'அவள்' இருபத்தெட்டு அதிகாரங்களையுடையது. அவற்றுட் பன்னிரண்டாவதிலேயே அவள் நம்முன் வருகின்றாள். அதுவரை அவளைப்பற்றிய பேச்சே நடைபெறுகின்றது. மட்கல ஓட்டிற் பல தலைமுறையினர் எழுதிய பல மொழி எழுத்துக்கள், பெயர் சொல்ல அஞ்சிக் கட்டளைக்குரியவள் என்றே அவளைச் சுட்டும் குடிகள் என ஒவ்வொன்றும் அவளுக்குக் கட்டியம் கூறுகின்றன. பின்னர் வந்தவள் முக்காடிட்டு வருகின்றாள். புதுமையைக் காட்டுவதற்கு முன்னர் அதற்குரிய பசியை வாசகனிடத்து வளர்க்கும் இப்பொறுமை, ஆறு வாரத்தில் எழுதியவரிடம் எவ்வாறு அமைந்ததென்று வியக்கவேண்டியுள்ளது. ஆப்பிரிக்கர் தாமே பெருநகரொன்றைச் சமைத்திருத்தல் கூடும் என்பதனை ஏற்கும் மனம் மட்டும் ஆசிரியருக்கு இல்லை. கோர் நகரை மறைந்துபோன வேறோரினத்தார்க்கு உரித்தாக்கி, இன்றுள்ள குடிகளை நரமாமிசம் உண்போராக்கிவிடுகின்றார். அது அக்காலத்து ஐரோப்பியர் பலருக்கிருந்த நோய். நூலின் அழகு அதனை மறைத்துவிடாது.

மறுபிறப்பு என்னும் பொருளைக் கண்டு ஆங்கில வாசகர் திகைத்திருத்தல் கூடும். நமக்கு அதிற் புதுமை யாதுமில்லை. இறந்தவன் பிறந்தான் என்றாற் சைவச்சிறுவனும் அஞ்சான். பிறவிச்சக்கரம் எல்லாரையும் சுற்றிக்கொண்டு செல்லும்போது, ஒருத்தி மட்டும் அதனின்று இறங்கிநின்று, ஈராயிரம் ஆண்டு ஒரே உடலோடு ஒரே ஆசையைப் பற்றியிருக்கின்றாள் என்பதே நமக்கு அச்சம் தருவது. அவா அறுத்துப் பிறவி நீங்கினாள் அல்லள் அவள். அவா அறாமைக்காகவே இறப்பை நீக்கினாள். உஸ்தேன் என்னும் பேதைப்பெண்ணை லியோவின் கண்முன்னே ஒரு பார்வையாற் கொன்றுவிட்டு, அப்பிணத்தருகே நின்றே தன் முகத்திரையை நீக்கி அவனை அவள் மயக்குமிடத்தில், அணங்கு என்னும் பழஞ்சொல்லின் முழுப்பொருளையும் நாம் உணர்கின்றோம். லியோ மயங்கிவிடுகின்றான். அவனை வெறுக்கவும் நம்மால் இயலவில்லை. நாமும் மயங்கியே நிற்கின்றோம்.

அவள் அழிவோ இன்னும் பெரிது. வாழ்வளிக்கும் தீயில் மூழ்க லியோ தயங்குகின்றான். தீங்கில்லையெனக் காட்டுதற்கு அவளே இரண்டாம் முறை அதனுட் புகுகின்றாள். ஈராயிரம் ஆண்டு மூப்பும் ஒருசேர வந்து அவளைச் சுருட்டி, ஒரு குரங்கினளவாக்கிவிடுகின்றது. அதனைக் கண்ட பணியாளன் அச்சத்தாலேயே உயிர் விடுகின்றான். ஆக்கமும் சிறுமையும் ஒருங்கே வந்து மருட்கையை நிறைக்கும் இவ்விடத்தோடு கதை முடிந்திருக்கலாம். ஆயின் தான் மீண்டும் வருவதாகவும் மீண்டும் அழகு பெறுவதாகவும் சொல்லியே அவள் மறைகின்றாள். ஹொலியும் லியோவும் மத்திய ஆசியாவிற்குப் புறப்படுகின்றனர் என்ற செய்தி நூலின் தோற்றுவாயிலேயே உளது. எனவே இரண்டாம் நூலைப் பணத்தாசையாற் பின்னர் ஒட்டியதெனக் கூறல் பொருந்தாது. முகவுரையில் ஆசிரியர் சொன்னதில் உண்மையுண்டு.

உண்மையிருந்தும் நூல் தளர்கின்றது. ஒருத்தி மீண்டும் வருவாளா என்பதே கதையின் வினா. நூலின் பெயரே அதற்கு விடை கூறிவிட்டது. நெருப்புமலைமேற் கோயில்கொண்ட தலைவி யாரென லியோ அறியுமுன்னரே நாம் அறிந்துவிடுகின்றோம். அவள் முக்காடு எதனையும் மறைப்பதில்லை. புதுமை கைவிட்டுப் போகவே ஆசிரியர் பெருமையை நாடுகின்றார். குகைக்கு ஈடாக எரிமலை. ஒரு பார்வையாற் கொன்றவள் இப்போது புயலையே ஏவிப் படையை அழிக்கின்றாள். இரும்பைப் பொன்னாக்கி உலகையாள எண்ணுகின்றாள். ஆற்றல் பெருகப்பெருக அச்சம் குறைகின்றது; எல்லாம் செய்யவல்லாளிடத்து அடுத்து என்ன செய்வாளோ என்ற ஐயம் எழுவதில்லை. நூலில் உண்மையாகவே நம்மை நடுங்கவைப்பது, பித்துப்பிடித்த அரசன் ராசென் தன் வேட்டைநாய்களை ஏவி இருவரையும் துரத்தும் பகுதியாகும். அது மிக விறுவிறுப்பானது. ஆயின் அங்கே அச்சத்திற்கு நிலைக்களன் விலங்கும் இறையுமேயன்றி அணங்கன்று. மணிமேகலை ஆசிரியர் கோவலனையும் கண்ணகியையும் மீட்டுக்கொணர்ந்து மீண்டும் ஒரு மதுரையை எரிக்க முயன்றாரல்லர். கதையை மகளிடம் ஒப்படைத்து வேறு வழியிற் செலுத்தினார். ஹகாட்டிற்கு அத்துணிவு இல்லை.

இவ்வளவு குறையிருந்தும் இந்நூலை ஒதுக்கிவிட மனம் ஒப்பாமைக்குக் காரணம் ஓர் இடம். நெருப்புக்குழியின் விளிம்பில் கலூன் நாட்டரசியாகிய அத்தேன் ஒருபுறம் நிற்கின்றாள். இளமையும் அழகும் அரசும் உடையவள். மறுபுறம் ஆயிஷா தன் முக்காட்டைக் களைகின்றாள். உள்ளே இருப்பது பழைய பேரழகன்று. தீயிற் சுருங்கிய அந்த மூப்புருவமே. இருவருள் ஒருத்தியைத் தெரிந்துகொள்க எனப்படுகின்றது. லியோ நடுங்குகின்றான், பின்னர் அம்மூதாட்டியைத் தெரிந்து அவளை முத்தமிடுகின்றான். முதல் நூலில் உஸ்தேனின் பிணத்தருகே அழகிற்குத் தோற்றவன், இங்கே அழகின்மையின் முன் தோலாது நிற்கின்றான். அன்று அவன் மயங்கினான். இன்று தெளிந்து தேர்ந்தான். முற்பாதியில் ஒரு கடன் தீர்க்கப்படாது நின்றது என்பதனையே இவ்விடத்திற்கு வந்த பின்னர்தான் நாம் அறிகின்றோம். பாதி என ஆசிரியர் சொன்ன சொல் இவ்வோரிடத்தில் மெய்யாகின்றது. முதல் நூலில் இதற்கு நிகரான அறச்சிறப்புடைய காட்சி இல்லை என்றும் துணிந்து கூறலாம்.

அந்தோ, ஆசிரியர் அதனைப் பேணினாரல்லர்! முத்தமிட்ட அன்றே தீயின் சிறகொன்று அவளைத் தழுவ, பழைய அழகு திரும்பிவிடுகின்றது. லியோ கொடுத்த விலை அப்பொழுதே வட்டியோடு அவன் கைக்கு மீள்கின்றது. அம்மூப்புருவத்தோடு அவன் ஓராண்டேனும் வாழ்ந்திருப்பின், அல்லது ஒரு திங்களேனும் வாழ்ந்திருப்பின், அத்தேர்வின் கனம் நமக்குத் தெரிந்திருக்கும். மாற்றத்தை நூலின் இறுதிக்கு ஒத்திவைத்திருப்பின் பிற்பகுதி முழுவதும் அதனாலேயே தாங்கப்பட்டிருக்கும். இப்போதோ அழகும் திரும்பியது, காதலும் உறுதியாயிற்று. ஆயினும் லியோவும் அத்தீயில் மூழ்கி இறவாமை பெறும்வரை மணமில்லை என ஆயிஷா தடுக்கின்றாள். அத்தடையைக் கொண்டே பல அதிகாரங்கள் ஓடுகின்றன. இறுதியிற் பொறாது அவன் வேண்டிப்பெற்ற முத்தம் அவனைக் கொல்லுகின்றது. இந்த இரண்டாம் முத்தத்திற்கு ஆசிரியர் பெருஞ்சிறப்புச் செய்கின்றார். மனத்தில் நிற்பது முன்னதே.

ஹகாட் இதன் பின்னரும் அவளை விட்டாரல்லர். 1921இல் ஒன்றும் 1923இல் ஒன்றுமாக வேறிரு நாவல்களை எழுதினார். அவை கதையை முன்னோக்கிச் செலுத்தவில்லை. கோருக்கு லியோ வருவதற்கு முந்திய காலத்திற்கே திரும்பிச் சென்றன. இவற்றுட் பிந்தியதில் ஆயிஷா தன் வரலாற்றைத் தானே தன் வாயாற் கூறுகின்றாள். முதல் நூலிற் பதினோரதிகாரம் பிறர் வாய்மொழியில் மறைந்திருந்தவள் அவள்.