ஸ்ரீபாதம் தாங்குவோர்

கோல்ஃப் ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் கேடி, தரையின் சரிவும் காற்றின் போக்கும் கண்டு யோசனை சொல்லவும் விதிகளால் உரிமை பெற்றவர். பெங்களூரில் கேடியாயிருந்த சின்னசாமி முனியப்பா 2009-இல் இந்தியன் ஓப்பனையே வென்றார். சுமப்பதும் ஒரு வித்தை என்பதைத் திருச்சிராப்பள்ளிக்காரர்களாகிய நாமோ ஸ்ரீரங்கத்து ஸ்ரீபாதந்தாங்கிகளிடம் நெடுங்காலமாகக் கண்டு வருகிறோம். வைகுண்ட ஏகாதசி விடியற்காலையில், ரத்னாங்கி அணிந்த நம்பெருமாள் சிம்ம கதியில் புறப்படுகையில், தண்டுக்குத் தோள்கொடுத்தவர்கள் ஓரடி வைத்து, க்ஷணம் நின்று, இருமருங்கும் நோக்கும் சிங்கத்தின் பாவனையில் மெல்லத் திரும்பி, மறுபடி நடக்கிறார்கள்; முன்னவர் அடியும் பின்னவர் அடியும் இம்மியளவு பிசகினாலும் அந்தக் கம்பீரம் சித்திக்காது. அரங்கனின் நடையழகைப் போற்றும் அன்பர்களே, அடுத்த முறை சேவிக்கும்போது, அதை நிகழ்த்தும் அக்கால்களையும் அவசியம் பாருங்கள்.