பத்து மாத அட்வான்ஸ்: எவ்வளவு ஈடு, எவ்வளவு கடன்?

சென்னையில் வாடகை வீடு தேடுகிறவரைப் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவது அட்வான்ஸ்தான். மாதம் 15,000 ரூபாய் வாடகை கட்ட முடிகிற குடும்பம், அந்த வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்பே 1,50,000 ரூபாயை எண்ணி வைக்க வேண்டியிருக்கிறது. அதோடு முதல் மாத வாடகை, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, சாமான் ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. மும்பையிலும் டெல்லியிலும் பொதுவாக இரண்டு மூன்று மாத வாடகையோடு முடிகிற முன்பணம், சென்னையிலும் பெங்களூரிலும் பத்து மாதம் என்று நிலைத்துவிட்டது. புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் சிலவற்றில் ஐந்து, ஆறு மாதமாக இறங்கியிருந்தாலும், பத்து மாதம் என்பது இன்னும் ஊர் வழக்காகவே இருக்கிறது. இதை வீட்டுக்காரரின் பேராசை என்று சொல்லி முடித்துவிட்டால், இவ்வளவு காலம் இது ஏன் நீடிக்கிறது என்பது புரியாமலே போய்விடும். அட்வான்ஸ் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வாடகை பாக்கிக்கும் வீட்டுச் சேதத்துக்கும் அது ஈடு. கூடவே, வீட்டுக்காரருக்கு வட்டியில்லாமல் கிடைக்கும் கடன். ஈட்டுக்கு மூன்று மாத வாடகை போதும். மிச்சம் ஏழு மாதமும் கடன்தான். அந்தக் கடனின் சுமை வசதி குறைந்தவர் தலையில்தான் அதிகமாக இறங்குகிறது என்பதே இந்த வழக்கத்தின் அடிப்படைக் குறை.

பலங்களை முதலில் ஒப்புக்கொள்வோம். சம்பளச் சீட்டோ வருமான வரிக் கணக்கோ இல்லாதவருக்கும் சென்னையில் வீடு கிடைக்கிறது. மெஸ் நடத்துகிறவர், தையல் கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுகிறவர் தங்கள் வருமானத்தைக் காகிதத்தில் காட்ட முடியாது. கையில் தொகை இருந்தால் வீட்டுக்காரர் வேறு எதுவும் கேட்பதில்லை. வீட்டுக்காரர் எல்லோரும் பெரும் பணக்காரர்களும் அல்ல. கீழே தாம் குடியிருந்துகொண்டு மாடியில் ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விட்டவர்கள் பலர். ஓய்வூதியமும் அந்த வாடகையும்தான் அவர்களுடைய வரவு. மாடி எடுக்கவும் போர் போடவும் வங்கிக் கடன் எளிதில் கிடைக்காதபோது, குடிவருகிறவர் தரும் அட்வான்ஸ் பாதியில் நின்ற வேலையை முடித்துக்கொடுத்திருக்கிறது. அப்படி எழும்பிய மாடிகளால்தான் நகரத்தில் நடுத்தர வாடகைக்கு இத்தனை வீடுகள் கிடைக்கின்றன. தகராறு வந்தாலும் வக்கீல், வாய்தா என்று அலையாமல் ‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்ற ஒரே பேச்சில் கணக்கு முடிகிறது. அரசும் வங்கியும் நீதிமன்றமும் செய்ய வேண்டிய வேலைகளை ஒரே தொகை செய்துவிடுகிறது. இந்த வசதிதான் அதன் ஆயுளை நீட்டித்துவருகிறது.

சட்டம் இதைத் தடுக்க முயலாமல் இல்லை. தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றே சொன்னது. அறுபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக அது நடைமுறையில் இருந்தது. பத்து மாதம் வேரூன்றியதும் அதே காலத்தில்தான். காரணத்தை அந்தச் சட்டத்துக்குள்ளேயே காணலாம். வாடகையை ஏற்றுவதையும் குடித்தனக்காரரை வெளியேற்றுவதையும் அது கடினமாக்கியது. வீடு கையைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சம், முன்கூட்டியே பெருந்தொகை வாங்கிவைத்துக்கொள்ளும் வழக்கமாக மாறியது. பம்பாயில் 1947ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகையைப் பழைய அளவிலேயே நிறுத்திவைத்தபோது ‘பகடி’ என்ற பெயரில் பெருந்தொகைகள் கைமாறியதும் இப்படித்தான். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஆனால் அந்த மூன்று மாத வரம்புக்கு, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர என்ற விலக்கையும் சேர்த்திருக்கிறது. வீடு தேடி அலைகிறவர் எதற்கும் ஒப்புக்கொள்வார் என்பதால் அந்த விலக்கு வரம்பையே விழுங்கிவிடுகிறது. 2021இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்று வரம்பு போட்டாலும், மாநிலங்கள் தாமாக ஏற்றால்தான் அது செல்லும்.

இந்தக் கடனுக்கு என்ன விலை என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் அநீதி துலக்கமாகத் தெரியும். மேலே சொன்ன 1,50,000 ரூபாய் ஒருவரின் சேமிப்பிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கி வைப்பில் ஆண்டுக்கு 7% வட்டி என்றால் அவர் மாதம் 875 ரூபாய் இழக்கிறார். இன்னொருவர் நகையை அடகு வைத்து மாதம் 1% வட்டியில் புரட்டுகிறார்; அவருக்கு மாதம் 1,500 ரூபாய் போகிறது. மூன்றாமவருக்கு அடகு வைக்க நகையும் இல்லை. தெரிந்தவரிடம் இரண்டு வட்டிக்கு வாங்குகிறார். மாதம் 3,000 ரூபாய். ஒரே தெரு, ஒரே அளவு வீடு, ஒரே வாடகை. ஆனால் முதலாமவருக்கு உண்மையான வாடகை 15,875 ரூபாய், மூன்றாமவருக்கு 18,000 ரூபாய். யாரிடம் பணம் இல்லையோ அவரிடமிருந்தே அதிகம் பிடுங்கும் வரியாக அட்வான்ஸ் வேலை செய்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் இந்த வித்தியாசம் ஓரிடத்திலும் தெரியாது. வாடகைக் கொள்கை பற்றிய விவாதங்கள் மாத வாடகையை மட்டும் அளந்துவிட்டு நின்றுவிடுவதால் அங்கும் இது கணக்கில் வருவதில்லை.

பணத்தைத் திரும்ப வாங்கும் நாளில் இன்னொரு குறை வெளிப்படுகிறது. சாமான் வண்டியில் ஏறிய பிறகு வீட்டுக்காரர் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு அறை அறையாகச் சுற்றிவருகிறார். சுவரில் ஆணி அடித்த ஓட்டை, குளியலறையில் சொட்டும் குழாய், வேலை செய்யாத ஃபேன் ரெகுலேட்டர், நிலுவையில் இருக்கும் கரண்ட் பில் என்று ஒவ்வொன்றுக்கும் தொகை கழிகிறது. பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை என்பது, வீட்டில் ஓராண்டு இருந்தாலும் ஐந்தாண்டு இருந்தாலும், கேட்பாரில்லாத விதியாகிவிட்டது. பொருள் பயன்பாட்டால் தேய்ந்ததா, குடித்தனக்காரரின் கவனக்குறைவால் கெட்டதா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ரசீது காட்டுவதும் இல்லை. பணம் ஏற்கெனவே வீட்டுக்காரரிடம் இருப்பதால், கழிக்கும் தொகையை முடிவுசெய்பவரும் அவரே. குடிவந்தபோது தொகையை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தத்தில் குறைத்து எழுதச் சம்மதித்தவருக்கு வாதாடக்கூட ஆதாரம் இருக்காது. ஈடு என்பது இரு தரப்புக்கும் பொதுவான பாதுகாப்பாக இருக்க வேண்டும். வழக்கில் உள்ள அட்வான்ஸ் ஒரு தரப்பை மட்டுமே காக்கிறது.

வீட்டுக்காரர் அந்தப் பணத்தைத் தனியே வைத்திருப்பதும் அரிது. மகள் கல்யாணத்துக்கோ மாடி வேலைக்கோ செலவாகியிருக்கும். அதனால் ‘அடுத்தவர் வந்ததும் தருகிறேன்’ என்ற பதில் வருகிறது. ஒருவரின் முன்பணத்தை அடுத்தவரின் முன்பணத்தால் அடைக்கும் இந்தச் சங்கிலி, வீடு ஓரிரு மாதம் காலியாகக் கிடந்தாலே அறுந்துபோகும். குடித்தனக்காரரோ புதிய வீட்டுக்கு முழு அட்வான்ஸையும் முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். பழையது கைக்கு வராத இடைவெளியில் இரண்டு தொகை முடங்குகிறது. இதற்குப் பயந்தே வேலை மாறினாலும் பிள்ளையின் பள்ளி தூரமானாலும் இருந்த வீட்டிலேயே காலம் தள்ளுகிறார்கள். வீடு வாங்கும் கனவையும் இது தள்ளிப்போடுகிறது. 50 லட்சம் ரூபாய் வீட்டுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி 80% வரைதான் கடன் கிடைக்கும். 10 லட்சம் கைப்பணம் வேண்டும். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% சேர்த்தால் இன்னும் சுமார் நாலரை லட்சம். இந்தத் தொகையைச் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டிய வயதில், சேமிப்பின் முதல் ஒன்றரை லட்சம் வட்டியில்லாமல் பிறர் கையில் கிடக்கிறது.

இந்த வழக்கம் முழுமையாக வளர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்குத் தென்கொரியா சாட்சி. அங்கே ‘ஜொன்ஸே’ முறையில் குடியேறுகிறவர் வீட்டு விலையில் பெரும் பங்கை ஒரே தொகையாகத் தந்துவிடுகிறார். மாத வாடகை கிடையாது. நம் ஊரில் போக்கியம் என்றும் லீசு என்றும் சொல்லப்படும் ஏற்பாட்டுக்கு அது மிக நெருக்கமானது. வட்டி குறைவாகவும் வீட்டு விலை ஏறிக்கொண்டும் இருந்தவரை அது இரு தரப்புக்கும் லாபமாகத் தெரிந்தது. 2022இல் வட்டி ஏறி விலை சரிந்ததும், உரிமையாளர்கள் பலரால் தொகையைத் திருப்பித் தர முடியவில்லை. ஏமாற்றப்பட்டவர்களுக்காக 2023இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டிவந்தது. உரிமையாளர் வங்கிக் கடனைக் கட்டாமல் வீடு ஜப்திக்கு வரும்போது சென்னையில் லீசுக்குக் குடியிருப்பவரும் இதே இடத்தில்தான் நிற்கிறார். கடனைக் கடன் என்று ஒப்புக்கொள்ளாமல் வளரவிட்டால், கடன் கொடுத்தவருக்கு உரிய பாதுகாப்பு எதுவும் இல்லாமலே கடனின் ஆபத்து முழுவதும் அவர் தலையில் விழும்.

அட்வான்ஸைக் குறைத்தால் வாடகை ஏறிவிடும் என்பது வலுவான மறுப்பு. ஓரளவு ஏறும் என்பதும் உண்மை. வாடகை வருமானக் கணக்கில் வரும், திருப்பித் தர வேண்டிய முன்பணம் வருமானமாகாது என்பதால் வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ்மேல் கூடுதல் விருப்பம் இருக்கவும் செய்யும். ஆனால் எவ்வளவு ஏறும் என்று பார்க்க வேண்டும். பத்து மாதத்தை மூன்றாக்கினால் விடுபடும் தொகை 1,05,000 ரூபாய். 7% வட்டியில் வீட்டுக்காரர் இழப்பது மாதம் சுமார் 610 ரூபாய். அதை முழுவதும் வாடகையில் ஏற்றினாலும், சேமிப்பிலிருந்து கொடுத்தவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. நகையை அடகு வைத்தவருக்கு மாதம் 1,050 ரூபாய் வட்டி மிச்சம். இரண்டு வட்டிக்கு வாங்கியவருக்கு 2,100 ரூபாய் மிச்சம். வாடகை ஏற்றம் போக அவர் கையில் ஏறக்குறைய 1,500 ரூபாய் நிற்கும். அந்த ஏற்றம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற வாடகையாக இருக்கும் என்பதால் பேரம் பேசவும் ஒப்பிடவும் முடியும்.

இன்னொரு மறுப்பு வீட்டுக்காரரின் பயத்திலிருந்து வருகிறது. மூன்று மாத ஈட்டை வைத்துக்கொண்டு, வாடகை தராமல் ஓராண்டு உட்கார்ந்துவிட்டவரை என்ன செய்வது? இந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. ஆனால் பத்து மாத அட்வான்ஸ் இதற்குத் தரும் தீர்வு, ஒழுங்காக வாடகை கட்டுகிற அத்தனை பேரிடமும் பணத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதுதான். நீதி தாமதமாவதற்கான விலையை, நீதிமன்றத்தை ஒருநாளும் மிதிக்காதவர்கள் கட்டுகிறார்கள். பழைய சட்டம் ஒரு மாதம் என்று விதித்தும் தோற்றதற்குக் காரணம், வரம்பு மட்டும் போட்டுவிட்டு இந்தப் பயத்துக்கு மருந்து தராததுதான். எனவே வரம்பும் விரைவான தீர்ப்பும் சேர்ந்தே வர வேண்டும். 2017 சட்டம் உருவாக்கிய வாடகை நீதிமன்றங்களுக்குப் போதிய ஆட்களைத் தந்து, பாக்கி வழக்குகளைச் சில மாதங்களுக்குள் முடிப்பது வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த ஈடு.

மற்ற நாடுகளின் அனுபவம் இதற்கு வழிகாட்டுகிறது. ஜெர்மனியில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அதையும் மூன்று தவணைகளாகக் கட்டலாம். உரிமையாளர் அதைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் வைக்க வேண்டும். வட்டி குடியிருப்பவருக்கே சேரும். இங்கிலாந்தில் 2007 முதல் முன்பணம் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும். கழிவு பற்றித் தகராறு வந்தால் அந்தத் திட்டத்தின் வழியாகவே நடுநிலையான தீர்வைப் பெறலாம். இரண்டு நாடுகளும் ஈட்டை ஒழிக்கவில்லை. ஈட்டைக் கடனிலிருந்து பிரித்திருக்கின்றன. தமிழ்நாட்டிலும் ‘வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர’ என்ற விலக்கை நீக்கி, மூன்று மாத வரம்பைக் கட்டாயமாக்க வேண்டும். தொகை வங்கி வழியாக மட்டுமே போக வேண்டும். பதிவான ஒப்பந்தத்தோடு அது இணைய வேண்டும். ரசீது இல்லாத கழிவு செல்லக் கூடாது. சிறு வீட்டுக்காரர் மாடி எடுக்க வங்கியில் நியாயமான வட்டிக்குக் கடன் கிடைக்கவும் வழி செய்ய வேண்டும்; அவருடைய முதலீட்டுத் தேவை உண்மையானது, அதைத் தீர்க்க வேண்டியவர் குடித்தனக்காரர் அல்ல. ஈடு ஈடாக நிற்கட்டும். கடன் வங்கிக்குப் போகட்டும். மாத வாடகையை ஒழுங்காகக் கட்டும் சக்தி உள்ள எவருக்கும் ஒரு வீட்டின் கதவு திறக்க அந்தச் சக்தி மட்டுமே போதும் என்ற நிலை அப்போதுதான் வரும்.